வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி 1906-லேயே எழுதிவைத்த நோக்கம்: இன்றைய நிறுவனங்கள் என்ன கத்துக்கலாம்?

சாத்தூர் பக்கம் அச்சங்குளம், ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை என்று ஒரு சுற்று வந்தால், ரோட்டோரம் பட்டாசு ஆலைகளின் பெயர்ப்பலகைகள் வரிசையாக நிற்கும். அப்பா, தாத்தா ஆரம்பித்த தொழிலை இப்போது படித்துவிட்டு வந்த பிள்ளைகள் கையில் எடுக்கிறார்கள். முதல் வேலையாக வெப்சைட் போடுகிறார்கள். அதில் எங்கள் நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதை எப்படி நிரப்புவது?

பெரும்பாலும் பக்கத்துக் கம்பெனி வெப்சைட்டைப் பார்த்துத்தான். உலகத் தரம், வாடிக்கையாளர் திருப்தி, தொடர் வளர்ச்சி. மூன்று வரி, முடிந்தது. பட்டாசுக் கம்பெனி மட்டும் இல்லை, ஐ.டி. கம்பெனி, பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாவற்றிலும் இதே கதைதான். அதை யாரும் படிக்கிறதில்லை. எழுதினவரே இன்னொரு தடவை படிக்கிறதில்லை.

சரி, ஒரு நிறுவனத்துக்கு நோக்கம் என்று நாலு வரி எழுதிவைப்பதால் நிஜமாகவே ஏதாவது மாறுமா?

மாறும். அதற்கு ஹார்வர்டு வரைக்கும் போக வேண்டாம். சாத்தூரிலிருந்து கோவில்பட்டி வந்து, தென்கிழக்கே திரும்பினால் ஓட்டப்பிடாரம். அந்த ஊரில் பிறந்த ஒரு வக்கீல், 34 வயதில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அது எதற்காக என்று தெளிவாக எழுதிப் பதிவு செய்தார்கள். அந்த வரிகள் எங்கெல்லாம் கைகொடுத்தன, எங்கே கைவிட்டன என்பதுதான் இந்தக் கதை. அந்த வக்கீல், வ.உ.சிதம்பரம் பிள்ளை.

மிஷன் ஸ்டேட்மென்ட் என்றால் என்ன?

நாம் என்ன செய்கிறோம், யாருக்காகச் செய்கிறோம், எதற்காகச் செய்கிறோம். இந்த மூன்று கேள்விக்கும் சுருக்கமான பதில்தான் மிஷன் ஸ்டேட்மென்ட். விஷன் என்பது வேறு. அது நாளைக்கு எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற கனவு. மிஷன் இன்றைக்குக் காலையில் ஆபீஸ் திறந்ததும் செய்ய வேண்டிய வேலை.

இதற்குச் சட்டத்தில் ஒரு சொந்தக்காரர் உண்டு. எந்தக் கம்பெனியைப் பதிவு செய்தாலும் அமைப்பு ஆவணம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். எதற்காக இந்தக் கம்பெனி ஆரம்பிக்கப்படுகிறது என்ற குறிக்கோள் பகுதி அதில் கட்டாயம். இன்றைய 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்திலும் அது இருக்கிறது, வ.உ.சி. காலத்துச் சட்டத்திலும் இருந்தது. நம்மில் பலர் அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். வ.உ.சி. அப்படி விடவில்லை.

ஓட்டப்பிடாரத்து வக்கீல்

1872 செப்டம்பர் 5-ம் தேதி ஓட்டப்பிடாரத்தில் பிறந்தார் வ.உ.சி. அப்பா உலகநாதன், வக்கீல். அம்மா பரமாயி. ஓட்டப்பிடாரம், தூத்துக்குடி, திருநெல்வேலியில் பள்ளிப் படிப்பு. திருச்சியில் சட்டம் படித்துத் தேர்வாகி, 1895-ல் சொந்த ஊரிலேயே தொழிலை ஆரம்பித்தார். 1900-ல் தூத்துக்குடிக்கு மாறினார்.

நல்ல வருமானம் வந்தது. இலக்கியம், சைவ சித்தாந்தம் என்று படிப்பும் ஓடியது. அப்படியே போயிருந்தால் ஊரில் பெயர் சொல்லும் ஒரு வக்கீலாக இருந்திருப்பார். ஆனால் 1905-ல் வங்கப் பிரிவினை வந்தது. அந்நியப் பொருளை ஒதுக்கி நம் பொருளை வாங்கு என்ற சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியது.

வ.உ.சி.க்கு இந்த இயக்கம் பிடித்தது. ஆனால் துணியை எரிப்பதோடு நின்றால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. நெசவுசாலை, சுதேசிப் பொருள் விற்கும் கடை என்று தூத்துக்குடியிலேயே சில முயற்சிகளை ஆரம்பித்தார். அந்நியப் பொருள் வேண்டாம் என்றால் நம் பொருள் எங்கே என்ற கேள்விக்குப் பதில் வேணும் இல்லையா? அந்தப் பதிலைத் தேடிப் போனவர் கடைசியில் வந்து நின்ற இடம், துறைமுகம்.

ஏன் கப்பல்?

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு அப்போது சரக்கும் ஆட்களும் தினமும் போய் வந்துகொண்டிருந்த காலம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஊர் ஆட்கள், வியாபாரிகள், மூட்டை மூட்டையாகச் சரக்கு. இந்தக் கடல் வழி முழுக்க ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. பெயர் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அவர்கள் சொன்னதுதான் கட்டணம்.

இன்றைய ஆன்லைன் வியாபாரிகளுக்கு இது உடனே புரியும். சரக்கு நம்முடையது, வாங்குபவரும் நம்மவர். நடுவில் இருக்கும் ஒரே பாதை மட்டும் இன்னொருவர் கையில் இருந்தால், லாபம் யாருடையது என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

வ.உ.சி. அந்தப் பாதையில் கை வைத்தார். 1906 அக்டோபர் 16-ம் தேதி சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் பாலவநத்தத்தின் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியவர் அவர். செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் சேட். 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கியவர் அவர்தான். வ.உ.சி. உதவிச் செயலாளர். பதவியில் சின்னது, வேலையில் எல்லாமே அவர்தான்.

அந்த நோக்கத்தில் என்ன இருந்தது?

கப்பல் விட்டு லாபம் பார்க்கணும் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். சட்டத்துக்கு அது போதும். ஆனால் சுதேசிக் கம்பெனியின் குறிக்கோள்கள் அதோடு நிற்கவில்லை. சாரமாகச் சொன்னால் இவ்வளவு:

முதலாவது, தூத்துக்குடி, கொழும்பு உள்ளிட்ட துறைமுகங்களுக்கு இடையே மலிவான கட்டணத்தில் பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் செல்வது.

இரண்டாவது, இந்தியர், இலங்கையர், மற்ற ஆசிய நாட்டவர் ஆகியோரிடையே கப்பல் தொழிலைப் பரவச் செய்து, அதன் லாபத்தை அவர்களே அடையச் செய்வது.

மூன்றாவது, கப்பல் ஓட்டவும் கட்டவும் அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, அதற்கான கல்விக்கூடங்களை அமைப்பது.

நான்காவது, சொந்தமாகக் கப்பல் கட்டும் தளங்களை ஏற்படுத்துவது.

ஐந்தாவது, சுதேசி வியாபாரத்தை நடத்துவது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். என்ன செய்கிறோம் என்பதற்குப் பதில் இருக்கிறது: மலிவான கட்டணத்தில் போக்குவரத்து. யாருக்காக என்பதற்குப் பதில் இருக்கிறது: இந்தியர், இலங்கையர், ஆசியர். எதற்காக என்பதற்கும் பதில் இருக்கிறது: தொழிலும் லாபமும் அவர்கள் கைக்கு வர வேண்டும், அதுவும் நாமே கப்பல் கட்டும் அளவுக்கு.

அதைவிட முக்கியம், இதில் ஒவ்வொரு வரியும் ஒரு முடிவை எடுத்துக் கொடுக்கிறது. பங்கு யாருக்கு விற்பது? ஆசியர்களுக்கு மட்டும். ஒரு பங்கின் விலை எவ்வளவு? சாதாரண வியாபாரியும் எட்டிப் பிடிக்கிற 25 ரூபாய். கப்பலை எப்போதும் வாடகைக்கு எடுத்தே ஓட்டலாமா? கூடாது, ஒரு நாள் நாமே கட்ட வேண்டும். உலகத் தரம், வாடிக்கையாளர் திருப்தி என்ற வரிகளை வைத்து இப்படி ஒரு முடிவையாவது எடுக்க முடியுமா? முடியாது. அதுதான் வித்தியாசம்.

முதல் சோதனை: கப்பல் இல்லாத கப்பல் கம்பெனி

கம்பெனி ஆரம்பித்தபோது சொந்தக் கப்பல் கிடையாது. ஷாலைன் ஸ்டீமர்ஸ் என்ற கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்டினார்கள். பிரிட்டிஷ் கம்பெனி நெருக்கியது. வாடகைக்குக் கொடுத்தவர்கள் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இன்றைக்கு ஒரு ஸ்டார்ட்அப்புக்கு இப்படி நடந்தால் என்ன சொல்வார்கள்? பிவட் பண்ணுங்க என்பார்கள். கப்பலை விட்டுவிட்டு வேறு வியாபாரம் பாருங்கள். லாபம் மட்டுமே நோக்கம் என்றால் அதுதான் புத்திசாலித்தனமும் கூட.

ஆனால் இவர்கள் எழுதிவைத்தது வேறு. வ.உ.சி. முதலில் கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து, சேவை அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டார். பிறகு பம்பாய்க்குக் கிளம்பினார். கப்பல் இல்லாமல் திரும்புவதில்லை என்று சபதம் செய்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். திலகர் போன்ற தலைவர்களின் ஆதரவு கிடைத்தது. பங்குகள் விற்றன. சென்னையில் பாரதியார் தன் இந்தியா பத்திரிகையில் இந்தக் கம்பெனிக்காக எழுதினார். 1907-ல் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்துசேர்ந்தன. காலியாவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் போகலாம், 4,000 மூட்டை சரக்கு ஏற்றலாம்.

வாடகைக் கப்பலைப் பிடுங்கினால் கம்பெனி படுத்துவிடும் என்று எதிராளி போட்ட கணக்கு தப்பானது. சொந்தக் கப்பல் என்ற இலக்கு ஏற்கெனவே தாளில் இருந்ததால், நெருக்கடி வந்த நாளில் எந்தப் பக்கம் போவது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது சோதனை: இலவசப் பயணம், கூடவே ஒரு குடை

அடுத்தது விலைப் போர். பிரிட்டிஷ் கம்பெனி தன் கட்டணத்தைத் தலைக்கு ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே அவர்கள் கட்டணமே வேண்டாம், இலவசமாக ஏறுங்கள் என்றார்கள். அதோடு ஒரு குடையும் தருகிறோம் என்றார்கள்.

இலவசத்துக்கு முன்னால் யார் நிற்க முடியும்? ஆபர் விலையில் செல்போன் டேட்டாவும் சாப்பாடும் வாங்கிப் பழகிய நமக்கு இதற்கான பதில் தெரியும். ஆனாலும் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் இருந்தார்கள். சரக்கை இந்தக் கப்பலில்தான் ஏற்றுவோம் என்று நின்ற வியாபாரிகள் இருந்தார்கள். காரணம் எளிது. இந்தக் கம்பெனி எதற்காக இருக்கிறது என்பது ஆபீஸ் சுவரில் மாட்டிய வாசகமாக நிற்கவில்லை. மூட்டை தூக்குகிறவர் முதல் முதலாளி வரை ஊருக்கே தெரிந்திருந்தது. விலையை எதிராளி காப்பியடிக்கலாம், குடையும் கொடுக்கலாம். நோக்கத்தைக் காப்பியடிக்க முடியாது.

ஆனால் இங்கே ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். நோக்கம் வாடிக்கையாளரைக் கொண்டுவரும், பணத்தை அச்சடித்துக் கொடுக்காது. எட்டணாவுக்குக் கப்பல் ஓட்டினால் கையிருப்பு கரையும். பெரிய கம்பெனி வருஷக்கணக்கில் நஷ்டத்தைத் தாங்கும், புதுக் கம்பெனி எத்தனை நாள் தாங்கும்? அரசு அதிகாரிகளின் கெடுபிடி வேறு. வெளியே ஆதரவு அலை, உள்ளே நிதி நெருக்கடி. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

மூன்றாவது சோதனை: நம் நோக்கம் யார் வரைக்கும்?

தூத்துக்குடியில் ஆங்கிலேயர் நடத்திய கோரல் மில். நூற்பாலை. நீண்ட வேலை நேரம், குறைந்த கூலி, வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரி 27-ம் தேதி தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களோடு வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நின்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். அது வ.உ.சி.யின் கம்பெனி இல்லை. அந்தத் தொழிலாளர்கள் அவருடைய பங்குதாரர்களும் இல்லை. ஏற்கெனவே அரசாங்கத்தின் கண் தன் கம்பெனி மேல் இருக்கும்போது, இன்னொரு ஆலையின் பிரச்சினையில் தலையிடுவது வியாபாரக் கணக்குக்குச் சரிப்படாது. ஆனால் லாபம் நம் மக்களுக்கு வர வேண்டும் என்பதுதான் சுதேசியின் பொருள் என்றால், நூல் நூற்கிற கூலித் தொழிலாளி அந்த நம் மக்களில் வருவாரா மாட்டாரா? வருவார் என்பதே வ.உ.சி.யின் பதில்.

ஊர் மக்கள் தொழிலாளர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்வு, வார விடுமுறை உள்ளிட்ட கோரிக்கைகள் மார்ச் முதல் வாரத்தில் ஏற்கப்பட்டன. இந்தியத் தொழிலாளர் வரலாற்றின் ஆரம்ப கால வெற்றிகளில் இதுவும் ஒன்று.

அரசுக்கு இது போதுமானதாக இருந்தது.

நான்காவது சோதனை: சிறை

1908 மார்ச் 12-ம் தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். அந்த ஜூலையில் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். இரண்டு ஆயுள் தண்டனைகள், மொத்தம் 40 ஆண்டுகள். மேல்முறையீட்டில் அது 6 ஆண்டாகக் குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுக்க வைத்தார்கள். பிறகு கண்ணூர்ச் சிறை.

வெளியே கம்பெனி என்ன ஆனது?

1911-ல் கலைக்கப்பட்டது. யாருடைய பிடியிலிருந்து விடுபட அந்தக் கம்பெனி ஆரம்பிக்கப்பட்டதோ, அதே பிரிட்டிஷ் கம்பெனிக்குக் காலியா கப்பல் விற்கப்பட்டது. சிறையில் இருந்த மனிதருக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. செக்கிழுத்ததைவிட இது வலித்திருக்கும்.

எங்கே பிசகியது?

அரசின் அடக்குமுறைதான் முதல் காரணம், அதில் சந்தேகமே இல்லை. எவ்வளவு தெளிவான நோக்கமும் துப்பாக்கியையும் சிறையையும் தடுக்காது. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் நமக்குப் பாடம் எதுவும் மிஞ்சாது. கம்பெனிக்குள்ளும் இரண்டு விஷயங்களைப் பார்க்கலாம்.

ஒன்று, நோக்கம் ஒரே ஒரு மனிதரின் தோளில் இருந்தது. ஆவணத்தில் எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் அதைத் தினமும் தூக்கிச் சுமந்தவர் வ.உ.சி. அவர் உள்ளே போனதும், அதே வரிகளைப் படித்து அதே முடிவை எடுக்க ஒரு அணி இல்லை. மாலுமிகளைப் பயிற்றுவிப்பது, தளம் அமைப்பது போன்ற குறிக்கோள்கள் வேர்விடும் முன்பே பணமும் நேரமும் தீர்ந்துவிட்டன.

இரண்டாவது, இன்னும் நுட்பமானது. ஆவணத்தில் கப்பல் இருந்தது, கல்வி இருந்தது, வியாபாரம் இருந்தது. அரசியல் இல்லை. இருந்திருந்தால் பதிவே ஆகியிருக்காது. ஆனால் வ.உ.சி.யைப் பொறுத்தவரை நாட்டு விடுதலையும் கப்பலும் ஒரே வேலை. முதல் போட்டவர்களில் பலருக்கு இது ஒரு வியாபாரம். அரசியல் வேண்டாம், தொழிலை மட்டும் பார்ப்போம் என்ற குரல் உள்ளேயே இருந்தது. சுதேசி என்ற ஒரே சொல்லை இரண்டு தரப்பும் இரண்டு விதமாகப் படித்தார்கள். நல்ல நாளில் இந்த வித்தியாசம் வெளியே தெரியாது. கெட்ட நாளில் அது கம்பெனியையே இரண்டாகப் பிளக்கும்.

அவர்களைக் குற்றம் சொல்வது சுலபம். போட்ட பணம் போகிறது, அரசாங்கம் முறைக்கிறது, நடத்தியவர் ஜெயிலில் இருக்கிறார். அந்த நாற்காலியில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அதைக் கேட்டால்தான், எவ்வளவு நஷ்டம் வந்தாலும் விற்கக் கூடாதது எது என்பதை ஆரம்பத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதன் அவசியம் புரியும்.

சிறைக்குப் பிறகு

1912 டிசம்பரில் வ.உ.சி. வெளியே வந்தார். வயது 40. வரவேற்கப் பெரிய கூட்டம் இல்லை. கப்பல் இல்லை, சொத்து இல்லை, வக்கீல் உரிமமும் போய்விட்டது. சென்னையில் குடும்பத்தோடு குடியேறிச் சின்னச் சின்ன வியாபாரங்கள் செய்து பார்த்தார். கைக்கும் வாய்க்கும் எட்டாத வாழ்க்கை.

அந்த நாட்களில் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. அது கைக்கு வந்துசேர நாளானது. இருவருக்கும் இடையே கடிதங்கள் போயின, வந்தன. கடைசியில் வந்த தொகை 347 ரூபாய் 12 அணா. 10 லட்சம் மூலதனத்தில் கம்பெனி தொடங்கியவர் அந்த 347 ரூபாய்க்குக் காத்திருந்தார்.

அவர் சும்மா இருக்கவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் சுயமுன்னேற்ற நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். மனம் போல வாழ்வு அதில் ஒன்று. இன்றைக்கு நம் அலமாரியில் இருக்கும் செல்ஃப் ஹெல்ப் புத்தகங்களுக்கு அது ஒரு தாத்தா. மெய்யறம் எழுதினார், திருக்குறளுக்கு உரை எழுதினார், தொல்காப்பிய உரையைப் பதிப்பித்தார். சென்னையில் தொழிலாளர் இயக்கத்தோடும் நின்றார்.

வாலஸ் என்ற ஆங்கில நீதிபதியின் உதவியால் வக்கீல் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்தவர், நல்லது செய்த ஆங்கிலேயரை மறக்கவில்லை. கோவில்பட்டியில் வக்கீல் தொழில் பார்த்தார். கடைசிக் காலத்தில் தூத்துக்குடிக்கே திரும்பினார். 1936 நவம்பர் 18-ம் தேதி அங்கே உள்ள காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது.

அவர் கப்பல் விட்ட அந்தத் துறைமுக நகரத்தில் இன்று இயங்கும் பெரிய துறைமுகத்துக்கு 2011-ல் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் வந்தது. கம்பெனி வாழ்ந்தது சுமார் 5 ஆண்டுகள். அதன் நோக்கத்தை நூறு ஆண்டு கழித்தும் ஊர் மறக்கவில்லை.

அதே கரிசல் மண்ணில் இன்னொரு நோக்கம்

ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் எட்டயபுரம் வட்டாரத்தில் வடமலாபுரம் என்று ஒரு கிராமம். 1918-ல் அங்கே பிறந்தவர் டாக்டர் கோ.வெங்கடசாமி. அரசு மருத்துவப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். நோக்கம் ஒன்றே ஒன்று: தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது.

தவிர்க்கக்கூடிய என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். கண்புரையால் வரும் பார்வையிழப்பைச் சின்ன அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். அப்படியானால் பணம் இல்லை என்பதற்காக ஒருவர் பார்வை இல்லாமல் இருக்கக் கூடாது. எனவே கட்டணம் கொடுக்க முடிந்தவர்களின் பணத்தில், முடியாதவர்களுக்கும் சிகிச்சை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தால் விலை கட்டுப்படியாகாது. எனவே 1992-ல் ஆரோலேப் என்ற சொந்தத் தொழிற்கூடம். ஒரு சொல், அதிலிருந்து இத்தனை முடிவுகள்.

2006-ல் டாக்டர் வெங்கடசாமி மறைந்தார். மருத்துவமனை நிற்கவில்லை. காரணம், நோக்கம் அவரோடு மட்டும் இருக்கவில்லை. கட்டண முறையில், பயிற்சியில், அறுவை அரங்கு நடக்கும் விதத்தில் அது கலந்திருந்தது. வ.உ.சி.க்குக் காலம் தராத வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது என்பதையும் மறக்கக் கூடாது. இவர் முன்னால் பகை கொண்ட ஓர் அரசாங்கம் நிற்கவில்லை.

எழுதிவைத்தால் போதுமா?

போதாது. அமெரிக்காவின் ஜான்சன் அண்ட் ஜான்சன் 1943-ல் ஒரு கொள்கை அறிக்கை எழுதியது. முதல் பொறுப்பு வாடிக்கையாளருக்கு, பங்குதாரர் கடைசியில் என்பது அதன் சாரம். 1982-ல் சிகாகோவில் யாரோ அதன் டைலனால் மாத்திரையில் விஷம் கலந்து ஏழு பேர் இறந்தபோது, நாடு முழுக்கக் கடைகளிலிருந்து கோடிக்கணக்கில் மாத்திரை பாட்டில்களை அந்த நிறுவனம் திரும்பப் பெற்றது. அந்த அறிக்கை வேலை செய்தது என்று உலகமே பாராட்டியது. பின்னாளில் அதே நிறுவனம் டால்கம் பவுடர் வழக்குகளில் ஆயிரக்கணக்கானோருக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. தாளில் இருப்பது ஒவ்வொரு தலைமுறையிலும், ஒவ்வொரு முடிவிலும் மறுபடி தேர்வு எழுதியாக வேண்டும்.

உங்கள் நிறுவனத்துக்கு ஐந்து கேள்விகள்

நீங்கள் கம்பெனி நடத்துபவராக இருக்கலாம், சம்பளத்துக்கு வேலை பார்ப்பவராகவும் இருக்கலாம். உங்கள் நிறுவனத்தின் நோக்க அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு இந்த ஐந்தையும் கேட்டுப் பாருங்கள்.

1. போட்டிக் கம்பெனியின் பெயரைப் போட்டாலும் இந்த வரிகள் அப்படியே பொருந்துமா? பொருந்தினால் அது உங்களுடையது இல்லை.

2. யாருக்காக என்பது தெளிவாக இருக்கிறதா? வாடிக்கையாளர் மட்டுமா, வேலை செய்பவரும் உண்டா?

3. இந்த வரிகளைக் காட்டி, லாபம் வரும் ஒரு ஆர்டரை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது என்றால் அது வெறும் விளம்பரம்.

4. முதலாளி ஆறு மாதம் இல்லாவிட்டாலும், கடைசியாகச் சேர்ந்த ஊழியர் இதைப் படித்துவிட்டுச் சரியான முடிவெடுப்பாரா?

5. முதல் போட்டவர்களும் நடத்துகிறவர்களும் இதில் உள்ள முக்கியச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் சொல்கிறார்களா?

முதல் இரண்டுக்கும் சுதேசிக் கம்பெனி முழு மதிப்பெண் வாங்கும். மூன்றாவதிலும் வாங்கும். நான்காவதும் ஐந்தாவதும்தான் அதை வீழ்த்தின.

மறுபடியும் அச்சங்குளம்

அச்சங்குளத்தின் பெயர் நாடு முழுக்கத் தெரியவந்தது ஒரு சோகத்தால். 2021 பிப்ரவரி 12-ம் தேதி அங்கே ஒரு பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காலையில் தூக்குவாளியோடு வேலைக்குப் போனவர்கள், சாயங்காலம் வீடு திரும்பவில்லை. இந்த வட்டாரத்தில் அது முதல் விபத்தும் இல்லை, கடைசி விபத்தும் இல்லை. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பேசப்படும் காரணங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். உரிமம் ஒருவர் பெயரில், நடத்துவது குத்தகைக்கு எடுத்த இன்னொருவர். ஒரு அறையில் இருக்க வேண்டியதைவிட அதிக ஆட்கள், அதிக மருந்து. சீசன் நெருங்க நெருங்க அவசரம்.

இதற்குச் சட்டம் இருக்கிறது, விதிகள் இருக்கின்றன, ஆய்வுகளும் நடக்கின்றன. மிஷன் ஸ்டேட்மென்ட் அவற்றுக்கு மாற்று ஆகாது. ஆனால் தீபாவளிக்கு முந்தைய மாதம் ஒரு பெரிய ஆர்டர் வருகிறது, ஆள் போதவில்லை, இன்னும் நாலு பேரை அதே அறையில் உட்கார வைத்தால் முடித்துவிடலாம் என்ற நிலை வருகிறது என்று வையுங்கள். அந்த நிமிஷத்தில் அதிகாரி யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார். முடிவெடுப்பது சூப்பர்வைசர்தான். இந்தக் கம்பெனி எதற்காக இருக்கிறது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறோமா என்பதுதான் அப்போது கேள்வி.

உலகத் தரமான பட்டாசு தயாரிப்பது எங்கள் நோக்கம் என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த நாலு பேரும் உள்ளே போவார்கள். இங்கே வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் சாயங்காலம் முழுசாக வீடு திரும்பும் விதத்தில் பட்டாசு தயாரிப்பது எங்கள் நோக்கம் என்று எழுதி, முதலாளியும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தால், ஆர்டரைத் தள்ளிப்போடும் தைரியம் அந்த சூப்பர்வைசருக்கு வரும். ஆர்டரை இழந்ததற்காக அவரை யாரும் திட்ட மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தன் கம்பெனியில் வேலை பார்க்காத கோரல் மில் தொழிலாளியையும் தன் நோக்கத்துக்குள் கொண்டுவந்தார் வ.உ.சி. நம் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களையாவது நம் நோக்கத்துக்குள் எழுதிவைக்கலாம். அடுத்த முறை வெப்சைட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது, பக்கத்துக் கம்பெனியின் பக்கத்தைத் திறக்காமல், உங்கள் ஆலையின் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்.